ஏழாவது கிண்ணம்

— அந்தக் கிண்ணத்தை எடுத்த இடத்துலயே வைங்க தம்பி. கையில வெச்சு ஆட்டிக்கிட்டே பேசாதீங்க.

— வைக்கறேன். அதுக்கு முன்னாடி இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்க வாயால படிங்க. புருல் அக்காங்கறது நீங்கதானே? இந்தக் கண்காட்சி நடத்தறவங்க?

— நான் நடத்தல. பதினோரு பேர் சேர்ந்து வைக்கறோம். ஏழு பேர் ஓவியம், நாலு பேர் மண்ணு. நான் மண்ணு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, விளக்கு சரி பண்ணலாம்னு நின்ன நான் உங்ககிட்ட மாட்டிக்கிட்டேன். நாலு மணிக்குத் திறப்பு. நீங்க யாருன்னு இன்னும் சொல்லல.

— குபாத். கோச்கோர் பக்கத்து ஊரு. பள்ளிக்கூடத்துல மல்யுத்தம் சொல்லிக்குடுக்கறேன். இதுக்குக் கீழ சாபிரான்னு சீட்டு ஒட்டியிருக்கீங்களே, அவங்க பெத்த மகன். இப்ப படிங்க.

— "அழுதது கேட்டது. கதவு திறக்கவில்லை."

— அதுக்கப்புறம்?

— "சாபிரா." அவ்வளவுதான். இந்த வரிசையில பன்னெண்டு கிண்ணம். ஒவ்வொண்ணும் ஒரு பொம்பளை வனைஞ்சது, ஒரு வரி எழுதினது. உங்கம்மாவோடது ஏழாவது.

— எங்கம்மாவுக்கு வனையத் தெரியாது.

— எனக்கும் ஒரு காலத்துல தெரியாது.

— கேலி பண்ணாதீங்க அக்கா. அஞ்சு மணி நேரம் காரோட்டிட்டு வந்திருக்கேன். போன கோடையில எங்க ஊர் நூலகத்துல வகுப்பு எடுத்தீங்களே, அதுக்கு எங்கம்மா வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தாங்க தெரியுமா? தையல் வகுப்பு! மூணு வாரம். நகத்துல களிமண்ணோட வந்து நின்னு, தையல் வகுப்புன்னு சொன்னாங்க. நாங்களும் நம்பினோம்.

— நகத்தைப் பாத்தும் கேக்கலையா நீங்க?

— அம்மா நகத்தை யாரு பாத்தா?

— சரி. கீழ வைங்க. அதோட விளிம்பு பலமில்ல. சூளையில ஒரு பக்கம் விரிசல் விட்டுருச்சு. வேற பண்ணித் தர்றேன்னு சொன்னேன், இதுவே இருக்கட்டும்னுட்டாங்க.

— வைக்க மாட்டேன். நேத்து இங்க அடுக்கறப்போ இதைப் படம் எடுத்து யாரோ போன்ல போட்டிருக்காங்க. ஒரு மணி நேரத்துல எங்க ஊர்க் குழுவுக்கு வந்துருச்சு. முந்நூத்தி நாப்பது பேர் இருக்கற குழு. தூரத்து மாமன் ஒருத்தன் போன் பண்றான், "என்னடா, உங்கப்பன் உங்கம்மாவைத் தூக்கிட்டுதான் வந்தானாமே, எங்ககிட்ட வேற மாதிரி சொன்னான்?"னு. இன்னிக்குக் காலையில பயிற்சிக்கு வந்த பொண்ணு ஒருத்தி, ஏழாங்கிளாஸ், "சார், உங்கம்மா ஏன் சார் அழுதாங்க?"னு கேக்கறா. நான் என்ன சொல்றது? நியாயமா நீங்களே சொல்லுங்க.

— என்ன சொன்னீங்க?

— மைதானத்தைப் பத்து சுத்து ஓடச் சொன்னேன்.

— கேள்வி கேட்டதுக்கா?

— அக்கா, என் பொறுமையைச் சோதிக்காதீங்க.

— அங்க சாயாதீங்க! சாயாதீங்கன்னா! எஸென் அண்ணன் படம் அது, காலையிலதான் கடைசிப் பூச்சு பூசினார்.

— ஐயோ, என் கோட்டு!

— கோட்டு கிடக்கட்டும், படத்துல உங்க தோள் பதிஞ்சிருக்கா, பாருங்க.

— கொஞ்சம். இந்த நீல அடுப்பு மேல. இது என்ன படம் அக்கா? அடுப்பு, குழாய், பாத்திரம் கழுவற தொட்டி. சுத்தி வர்றேன், ஒரு குதிரைகூடக் காணோம். மலை இல்ல. ஓவியம்னு எப்படி ஒத்துக்கறது?

— கண்காட்சிக்குப் பேரே "வீட்டுக்குள்". வீட்டுக்குள்ள குதிரை எங்கேர்ந்து வரும்? அந்த மூலைப் படத்துல தூங்கற ஆளு, அதை வரைஞ்ச லில்யாவோட புருஷன். அவன் தூங்கறதை ஒம்பது தடவை வரைஞ்சிருக்கா. அவனும் நாளைக்கு வந்து, என் மானம் போச்சு, கழட்டுன்னு நிக்கலாம். கழட்டிக்கிட்டே போனா நாலு மணிக்கு ஆணி மட்டும்தான் மிஞ்சும்.

— அவன் தூங்கறான். எங்கப்பா செத்துப் போயிட்டார். ரெண்டும் ஒண்ணா?

— எப்போ?

— பதினோரு மாசம் ஆச்சு. அடுத்த மாசம் வருஷ விருந்து. நானூறு பேருக்குச் சொல்லியாச்சு, அறுக்கக் குதிரை பேசி வெச்சாச்சு, கூடாரத்துக்கு ஆள் சொல்லியாச்சு. அந்த நானூறு பேரும் எங்கப்பா பேரைச் சொல்லி வேண்டிக்கணும். இப்ப என்ன பண்ணுவாங்க? சாப்பிட்டுக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. "சாபிரா உள்ள அழுதாளாம், இவன் கதவைத் திறக்கலையாம்."

— அந்த வரியில உங்கப்பா எங்க இருக்கார்?

— எழுதணுமா? கதவு, அழுகை, பொம்பளை. நம்ம நாட்டுல இந்த மூணும் சேர்ந்தா, பொண்ணைத் தூக்கிட்டு வந்து பூட்டி வெச்சுக் கட்டிக்கறதுன்னு குழந்தைக்குக் கூடத் தெரியும். நீங்களும் தெரிஞ்சுதானே வெச்சிருக்கீங்க. பாக்க வர்றவன் அப்படித்தான் படிப்பான்னு தெரிஞ்சு.

— அது உண்மை. அப்படித்தான் படிப்பாங்க.

— அப்போ பேரை எடுங்க. சீட்டைக் கிழிங்க, கிண்ணத்துல பேரு இருக்கற இடத்தைச் சுரண்டிருங்க. நான் போயிடறேன்.

— முடியாது.

— ஏன் முடியாது? ஒரு பேருதானே?

— பன்னெண்டு பேருல அஞ்சு பேர் பேரு வேண்டாம்னாங்க, போடல. உங்கம்மா கிண்ணத்துல நான் ஒரு எழுத்துகூட எழுதல. ஆணியால அவங்களே கீறினாங்க. முதல்ல லேசா. அப்புறம் மறுபடியும் அதே கோட்டு மேல, அழுத்தி. "சூளையில அழிஞ்சிடாதுல்ல?"ன்னு கேட்டாங்க. அழியாதுன்னேன். அந்த வாக்கை நான் எப்படி மாத்த?

— எங்கம்மா எழுதினாங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்? நீங்க சொல்லிக் குடுத்திருப்பீங்க. பட்டணத்துலேர்ந்து வந்து, "அக்கா, மனசுல இருக்கறதைக் கொட்டுங்க"ன்னு. அவங்களுக்கு அறுபத்தி ரெண்டு வயசு, சர்க்கரை வேற. ஏதோ ஒரு நாள் மனசு சரியில்லாம ரெண்டு வார்த்தை சொன்னா, அதைச் சுட்டுக் கொண்டாந்து மேசையில வெச்சு விளக்குப் போடுவீங்களா?

— அவங்களையே கேளுங்களேன்.

— கேக்காமலா இருப்பேன்? நேத்துலேர்ந்து போனை எடுக்கல. வீட்டுல பக்கத்து அறையிலதான் இருந்தாங்க, கதவைத் தட்டினா தலைவலிங்கறாங்க. காலையில நான் கிளம்பறப்போ மாட்டுக் கொட்டாயில இருந்தாங்க. எட்டிப் பாத்தேன். பால் கறந்துக்கிட்டே இருந்தாங்க, திரும்பிக்கூடப் பாக்கல.

— கிட்டப் போய்க் கேட்டிருக்கலாமே.

— எப்படி அக்கா கேப்பேன்? பெத்தவகிட்டப் போய், "உன்னைத் தூக்கிட்டா வந்தாங்க?"ன்னு கேக்க எந்த மகனுக்கு நாக்கு வரும்? என்கிட்ட அவங்க சொன்னது வேற. எங்கப்பா லாரி ஓட்டினவர். நாரின் ரோட்டுல எங்க தாத்தா வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணி கேப்பாராம். அந்த வண்டிக்கு அவ்வளவு தண்ணி தேவையே இல்லைன்னு சொல்லிச் சிரிப்பாங்க எங்கம்மா. சிரிச்சதை என் கண்ணால பாத்திருக்கேன். அது நடிப்பா?

— நான் நடிப்புன்னு சொல்லல.

— முப்பத்தாறு வருஷம். அவர் ஒரு தட்டை வீசி நான் பாத்ததில்ல. கடைசி ரெண்டு மாசம் படுக்கையில கிடந்தப்போ, எங்கம்மா பக்கத்துல இல்லேன்னா கண்ணாலயே தேடுவார். காரை ஓட்டிட்டு வர்ற வழியெல்லாம் இதையே யோசிச்சேன். தேடினது பாசமா, பயமா? பக்கத்துலயே உக்காந்திருந்தது பாசமா, பழக்கமா? வழியில வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். எங்கப்பா அப்படிப்பட்டவர்னா, நான் யாரு? ஒரு பொம்பளையைக் கதவுக்குள்ள பூட்டி வெச்சுப் பொறந்தவனா? சொல்லுங்க. ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க?

— ஒண்ணுமில்ல.

— இல்ல, பாத்தீங்க.

— உக்காரு குபாத். அந்த முக்காலியில உக்காரு. தண்ணி குடிக்கறியா?

— இப்ப எதுக்கு திடீர்னு "நீ", "வா", "போ"?

— என் தம்பி வயசு உனக்கு. கையில இருக்கறது என் பொறுப்பு. கீழ வெச்சிட்டுத் தண்ணி குடி.

— வைக்க மாட்டேன்னு சொன்னேன்ல?

— சரி, மடியில வெச்சுக்கோ. வீட்டுல வேற யாரு பாத்தா இந்தப் படத்தை?

— என் வீட்டுக்காரிகிட்டக் காட்டினேன். ஐனுரா. போனை வாங்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. கொஞ்சம் பெரிசாக்கிக்கூடப் பாத்தா. அப்புறம் போனைக் குடுத்துட்டு மாவு பிசையப் போயிட்டா.

— எதுவும் சொல்லல?

— அவ அப்படித்தான். அதிகம் பேசமாட்டா.

— எப்பவுமேவா?

— வந்ததுலேர்ந்தே. ஒம்பது வருஷமா. வேலையில குறை சொல்ல முடியாது. ரெண்டு பசங்க. எங்கம்மாவை நல்லாப் பாத்துக்கறா. பேச்சுதான் கம்மி.

— எந்த ஊரு அவங்க?

— தலாஸ். இங்க பிஷ்கெக்ல படிச்சிட்டிருந்தா. நர்ஸ் படிப்பு.

— முடிச்சாங்களா?

— எங்க முடிச்சா? ரெண்டாவது வருஷத்துல கல்யாணம் ஆயிருச்சு. என் கதை எதுக்கு இப்போ? பேச்சை மாத்தறீங்க. எனக்குத் தெரியும் இந்த வித்தை, களத்துல எதிராளி மூச்சு வாங்கறதுக்குப் பண்றது.

— மாத்தல. கேட்டேன்.

— அக்கா, கடைசியாச் சொல்றேன். ஒண்ணு, நீங்க பேரை எடுக்கணும். இல்லேன்னா இந்தக் கிண்ணம் நாலு மணிக்கு இங்க இருக்காது. உடைக்கணும்னு வரல. நியாயமா கேட்டு வாங்கிட்டுப் போகணும்னுதான் வந்தேன். ஆனா உடைஞ்சா உடையட்டும்.

— உடைச்சா அந்த இடத்தை அப்படியே வெப்பேன். சீட்டை எடுக்க மாட்டேன். துண்டுகளையும் அள்ள மாட்டேன். நாலு மணிக்கு வர்றவங்க கேட்டா, சாபிராவோட மகன் வந்தார்னு சொல்வேன். அதுக்குச் சம்மதம்னா போடு.

— கல்நெஞ்சு உங்களுக்கு.

— பயந்துதான் பேசறேன். இந்தப் பன்னெண்டும் சேர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. மத்த பத்து பேரும் அவங்கவங்க வேலையை இங்க கொண்டாந்து வெச்சது, நான் இருக்கேன்னு நம்பி. நான் சத்தம் போட்டா வாசல்ல காவல்காரர் வந்துருவார். கூப்பிடல. ஏன்னு கேளு.

— ஏன்?

— நீ சாபிரா அம்மாவோட பையன். அதோட, உனக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க வந்துக்கிட்டு இருக்காங்க.

— யாரு?

— உங்கம்மாதான்.

— இங்கயா?

— திறப்புக்கு வர்றேன்னு பத்து நாள் முன்னாடியே சொன்னாங்க. காலையில போன் பண்ணாங்க. கோச்கோர்லேர்ந்து டாக்சி பிடிச்சாச்சு, நீ பொறுப்பா இரு, மகன் முன்னாடியே வந்தாலும் வருவான்னாங்க.

— என் போனை எடுக்காம உங்களுக்குப் பண்ணியிருக்காங்களா? நான் வருவேன்னும் தெரியுமா? உங்களுக்கு எல்லாம் தெரியும். அந்தக் கதவு எந்தக் கதவு, அழுதது எப்போ, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு இவ்வளவு நேரமா என்னை ஆட விட்டிருக்கீங்க!

— தெரியும். சொல்ல மாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்.

— என் அப்பா பத்தினதா?

— குபாத், என்னைக் கேக்காதே.

— ஒரே வார்த்தை. ஆமாவா, இல்லையா?

— புருல்! வெளிக் கதவு திறந்தே கிடக்கு, காவல்காரரைக் காணோம். உள்ள வரலாமா?

— வாங்க சாபிரா அம்மா. வாங்க. பையைக் குடுங்க.

— ம். வந்துட்டானா? தெரியும். வாசல்ல வண்டியைப் பாத்தேன். குபாத், அதை அப்படிப் பிடிக்காதே. அடியில கை குடு. விளிம்பு உடையும்.

— அம்மா! இவ்வளவு தூரம் தனியா எதுக்கு வந்த? மாத்திரை போட்டியா? ஐனுரா எப்படி உன்னைத் தனியா விட்டா?

— தனியா வரல. அவளும் கூடத்தான் வந்தா. பிள்ளைங்களும். மேற்கு பஸ் நிலையத்துல தலாஸ் வண்டியில ஏத்தி விட்டுட்டு வர்றேன். அதான் நேரமாயிருச்சு.

— தலாஸுக்கா? எதுக்கு? அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?

— அவங்க நல்லா இருக்காங்க.

— பின்ன? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம? எப்போ வருவா?

— வருவாளான்னு அவளைத்தான் கேக்கணும். அது அப்புறம். நீ எதைக் கேக்க வந்த? கேளு. நேத்துலேர்ந்து என் கதவைத் தட்டின. நான் திறக்கல. வீட்டுல வெச்சுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. இங்க இருக்கு. கேளு.

— அக்கா இருக்காங்க.

— இருக்கட்டும். புருல், நீ போகாதே. நில்லு.

— அம்மா, அப்பா உன்னை... எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அப்பா உன்னைத் தூக்கிட்டு வந்தாரா?

— யாரு, உங்கப்பாவா?

— ஆமா.

— நேத்துலேர்ந்து அவரைப் பத்தி அப்படியா நினைச்சுக்கிட்டிருக்க? பாவம் மனுஷன். செத்தும் அவருக்கு நிம்மதியில்ல.

— சொல்லும்மா!

— உங்கப்பா எங்க வீட்டுக்கு மூணு தடவை பெண் கேட்டு வந்தார். முதல் ரெண்டு தடவை எங்கப்பா உக்காருன்னுகூடச் சொல்லல. லாரிக்காரனுக்குப் பொண்ணு கிடையாதுன்னுட்டார். மூணாந்தடவை யாரும் சொல்லாம நானே உள்ளேர்ந்து டீயைக் கொண்டாந்து அவர் முன்னாடி வெச்சேன். எங்கப்பா என்னைப் பாத்தார், டீயைப் பாத்தார், எழுந்து வெளிய போயிட்டார். அதுதான் சம்மதம். அடுத்த மாசம் கல்யாணம். ஒரு நாள், ஒரு பொழுது, உங்கப்பா என்னைக் கட்டாயப்படுத்தினதில்ல.

— சத்தியமா?

— அவர் மேல சத்தியம்.

— அப்பாடா! அம்மா... என் உயிரே போயிருச்சும்மா. கேட்டீங்களா அக்கா? கேட்டீங்களா? நான் சொன்னேன்ல! எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல!

— உக்காரு. அழுதா அழு, தப்பில்ல. கிண்ணத்தை அம்மாகிட்டக் குடு. ம். நான் வைக்கறேன் இடத்துல.

— அங்க எதுக்கு வைக்கற? நடக்காத ஒண்ணை எதுக்கு வெச்சுக் காட்டணும்? மாமனுக்குப் போன் போட்டு, என்னமோ கற்பனையில எழுதினதுன்னு சொல்லிடறேன். எடுத்துட்டு வா, வீட்டுக்குப் போலாம்.

— கற்பனை இல்ல.

— நீதானே இப்ப சொன்ன?

— உங்கப்பாவைப் பத்திக் கேட்ட, அதுக்குச் சொன்னேன். கிண்ணத்துல எழுதினது பொய்யில்ல. நம்ம வீட்டுல நடந்தது. என் காதால கேட்டது.

— நம்ம வீட்டுல யாரும்மா அழுதா?

— உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? நீ முன்கூடத்துல கூட்டாளிங்களோட இருந்த. பாட்டைச் சத்தமா வெச்சு ஆடிக்கிட்டிருந்தீங்க. உங்கப்பா, அந்தப் பிள்ளையை அனுப்பிருங்கன்னு சொல்லிப் பாத்தார். நான்தான், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, போங்கன்னு அவரை வெளிய அனுப்பினேன்.

— அம்மா.

— காலை வரைக்கும் கத்தினா. பரீட்சை இருக்கு, என்னை விடுங்கன்னு கத்தினா. அப்புறம் அம்மா அம்மான்னு கூப்பிட்டா, அவங்கம்மாவையா என்னையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

— அம்மா, போதும். வேண்டாம்.

— வந்திருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் "நாங்களும் இப்படித்தான் வந்தோம், அழுது முடிச்சா சரியாயிடும்"னாங்க. அந்த வீட்டுல நான் ஒருத்திதான் இஷ்டப்பட்டு வந்தவ, குபாத். நீ தூக்கிட்டு வந்த ஐனுரா உள்ள அழ அழ, கதவை வெளிப்பக்கம் பூட்டிட்டு சாவியை மடியில முடிஞ்சுக்கிட்டது நான்தான்.